விதைக்கிறவன் உவமையை அதன் வயலில் வைத்துப் படிப்பது எப்படி?

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் உவமைகளில் இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையும் ஒன்று. ஒருவர் தூவிய விதையில் வழியோரம் விழுந்ததைப் பறவைகள் தின்றன, பாறைமேல் முளைத்தது காய்ந்தது, முள்ளுக்குள் விழுந்தது நெருக்கப்பட்டது, நல்ல நிலத்தில் விழுந்தது பல மடங்கு விளைந்தது. வழியோரம், பாறை நிலம், முள் நிலம், நல்ல நிலம் என்று நான்கையும் வரிசையாகச் சொல்லி, “இதில் நீங்கள் எந்த நிலம்?” என்று கேட்டு முடிப்பார்கள். கேள்வியில் தவறில்லை. நற்செய்தி நூலே அந்தத் திசையில்தான் விளக்கம் தருகிறது. ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போய்விட்டால் வயல் காணாமல் போய்விடுகிறது. விதை தூவுகிற ஆள், அவர் தூவுகிற மாதம், அவர் நம்பியிருக்கிற மழை, விளைந்ததும் பங்கு கேட்டு வரப்போகிறவர்கள் என எதுவும் கண்ணில் படுவதில்லை. இயேசு பேசியதை அன்று நேரில் கேட்டவர்களுக்கோ இதையெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை.

அந்த வயலை முதலில் பார்க்க விரும்புகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு தமிழ் வேதாகமம், கலிலேயாக் கடலைச் சுற்றியுள்ள பகுதியின் வரைபடம், ஒரு பென்சில் இருந்தால் போதும்.

முதலில் கதையை மட்டும் படியுங்கள்

மாற்கு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தை எடுங்கள். இயேசு ஏரியில் ஒரு படகில் உட்கார்ந்திருக்கிறார், கூட்டம் கரையில் நிற்கிறது. 3 முதல் 9 வரையுள்ள வசனங்கள் கதை. 10 முதல் 12 வரை, இயேசு தம்மோடு இருந்தவர்களிடம் தனியாகப் பேசுவது. 14 முதல் 20 வரை விளக்கம். பத்தாம் வசனத்திலிருந்து கீழே உள்ளதை ஒரு தாளால் மூடிவிட்டு, கதையை மட்டும் இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாற்கு சொல்கிறபடியே பார்த்தாலும், கரையில் நின்ற கூட்டத்துக்குக் கிடைத்தது கதை மட்டும்தான். விளக்கம் பிறகு, தனிமையில் வந்தது. கூட்டத்தில் ஒருவராக நின்று கேட்க வேண்டுமானால் நமக்கும் அவ்வளவுதான் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் மத்தேயு 13:3–9, லூக்கா 8:5–8 இரண்டையும் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். மாற்கில் விளைச்சல் முப்பது, அறுபது, நூறு என்று ஏறுகிறது. மத்தேயுவில் நூறு, அறுபது, முப்பது என்று இறங்குகிறது. லூக்கா நூறை மட்டும் வைத்துக்கொள்கிறார். வழியோரம் விழுந்த விதை மிதிபட்டது என்று சேர்ப்பவரும் லூக்காதான். பாறைமேல் முளைத்தது காய்ந்ததற்கு மாற்கு வேர் இல்லாததைக் காரணம் சொல்ல, லூக்கா ஈரம் இல்லாததைச் சொல்கிறார். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த காப்டிக் மொழிச் சுவடிகளில், வேதாகமத்தில் இடம்பெறாத தோமாவின் நற்செய்தியும் இருந்தது. அதன் 9-ஆம் கூற்று இதே கதைதான். அங்கே விதையைப் புழுவும் தின்கிறது, விளைச்சல் அறுபதும் நூற்றிருபதும். விளக்கம் மட்டும் இல்லை. தோமா எந்தக் காலத்து நூல் என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. ஆனாலும் இந்தக் கதை விளக்கம் இல்லாமலும் வாய்க்கு வாய் பரவியிருக்கக்கூடும் என்று நினைக்க அது இடம் தருகிறது.

குறித்துவிட்டீர்களா? இப்போது வரைபடத்தை விரியுங்கள்.

இடம்

கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 13. கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. வடகரையில் கப்பர்நகூமைத் தேடுங்கள். இயேசுவின் ஊழியத்துக்கு மையமாக இருந்த ஊர் அது. அதற்குச் சற்று மேற்கே கரை வளைந்து ஒரு சிறு குடாவாகிறது. படகில் இருந்து பேசினால் கரைச்சரிவில் நிற்கிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும் இடம் என்று அதைச் சுட்டுவார்கள். இந்த உவமை அங்கேதான் சொல்லப்பட்டது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் காட்சி எப்படி இருந்திருக்கும் என்பது பிடிபடும். படகும் கற்பனையாக வேண்டாம். 1986-இல் ஏரி நீர் வற்றியிருந்தபோது கினோசர் பக்கத்தில் சேற்றிலிருந்து எடுத்த பழைய மீன்பிடிப் படகு ஏறத்தாழ இயேசுவின் காலத்தது. சுமார் 8 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வடகரை முழுக்கக் கருங்கல் பூமி, எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. கப்பர்நகூமின் வீடுகளும் மேலே மலைச்சரிவில் இருக்கிற கொராசீனின் வீடுகளும் அந்தக் கறுப்புக் கல்லில் கட்டியவை. மேற்கே போகப் போகச் சுண்ணாம்புக்கல் மலைகள். இரண்டு இடத்திலும் ஒரு வயலின் ஒரு மூலையில் முழங்கால் ஆழ மண்ணும் பத்தடி தள்ளி விரல் ஆழ மண்ணும் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். கூட்டத்தில் இருந்த எவரும் “பாறை நிலம்” என்றதும் தலையாட்டியிருப்பார்கள்.

நஞ்சையை மனத்திலிருந்து அகற்றுங்கள்

தமிழில் படிக்கிற நமக்கு வயல் என்றாலே நெல் வந்துவிடும். வரப்பு, வாய்க்கால், நாற்றங்கால், நடவு எல்லாம் கூடவே வரும். கலிலேயாவின் தானிய வயலில் இவை எதுவும் இல்லை. அது மழையை மட்டும் நம்பிய மானாவாரி. பயிர் கோதுமையும் வாற்கோதுமையும். ஏழைகளின் அப்பம் பெரும்பாலும் வாற்கோதுமை அப்பம்தான். யோவான் 6-இல் சிறுவன் வைத்திருந்த ஐந்து அப்பங்களும் அதுவே.

வேதாகமத்தில் முன்மாரி, பின்மாரி என்று படித்திருப்பீர்கள். இந்த வேளாண்மை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழையே இல்லை. நிலம் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். அக்டோபர், நவம்பரில் முன்மாரி விழுந்து மண்ணை இளக்கியதும் விதைப்பு தொடங்கும். குளிர்கால மழையில் பயிர் வளர்ந்து, மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரியில் கதிர் முற்றும். பஸ்கா பண்டிகையை ஒட்டி வாற்கோதுமை அறுவடை, அதற்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தேயை ஒட்டிக் கோதுமை அறுவடை. கேசேர் என்ற ஊரில் 1908-இல் கிடைத்த ஒரு சிறு சுண்ணாம்புக்கல் பலகையில், கி.மு. 10-ஆம் நூற்றாண்டு எழுத்தில், இந்த வேளாண் ஆண்டு மாதவாரியாக இருக்கிறது: விதைப்புக்கு இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், வாற்கோதுமை அறுப்புக்கு ஒரு மாதம் என்று. இயேசுவின் காலத்திலும் இந்தச் சுற்று மாறவில்லை.

இது தெரிந்தால் “வெயில் ஏறினபோது” என்பதற்கு உயிர் வருகிறது. மழைக்காலம் விடைபெறும் வசந்தத்தில் பாலைவனப் பக்கமிருந்து சூடான வறண்ட காற்று வீசும். ஒரே நாளில் பச்சை பழுப்பாகிவிடும். வேர் ஆழமாக இறங்கிய பயிர் அதைத் தாங்கும். பாறைமேல் நின்ற பயிர் தாங்காது.

உழவா, விதைப்பா, எது முதலில்?

புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோருமே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இந்த ஆள் ஏன் பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் போய் விதைக்கிறார்? கவனமில்லாதவரா? சிலர் இதையே பிரசங்கத்தின் மையமாக்கி, “எங்கும் வாரி இறைக்கிற தாராளம்” என்று பேசுவதுண்டு. வயலுக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு அவசியமே இல்லை என்பது என் எண்ணம்.

ஜெர்மானிய ஆய்வாளர் யோவாகிம் யெரேமியாஸ் சொன்ன பதில் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. பாலஸ்தீனத்தில் முதலில் விதைத்துவிட்டுப் பிறகுதான் உழுதார்கள் என்றார் அவர். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் கிடந்த வயலில், அரிதாள் நடுவே விதைப்பவர் நடக்கிறார். ஊரார் குறுக்கே நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதையும் காய்ந்த முட்செடிகளும் எப்படியும் உழப்படப் போகின்றன. ஆகவே அங்கேயும் தூவுகிறார். இதற்கு யூத நூல்களில் நல்ல சான்றுகள் உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வேலைகளைப் பட்டியலிடும்போது விதைப்பை முதலிலும் உழவை அடுத்தும் வைக்கிறது. இது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று, மிஷ்னாவுக்குப் பிற்கால ஆசிரியர்கள் தந்த விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் கேட்டு, இதைச் சொன்னவர் இஸ்ரவேல் நாட்டுக்காரர், அங்கே விதைத்துவிட்டு உழுவார்கள் என்று பதில் சொல்கிறது. அதற்கு வெகுமுன்பே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் யூபிலி என்ற யூத நூலில் ஒரு கதை வருகிறது. தீய ஆவிகளின் தலைவனான மஸ்தேமா, விதைத்த தானியத்தை உழுது மூடுவதற்குள் தின்றுவிடும்படி காக்கைக் கூட்டங்களை அனுப்புகிறான். சிறுவன் ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) வயலுக்கு வயல் ஓடி, ஒரே நாளில் 70 முறை அவற்றை விரட்டுகிறான். இந்தக் கதையை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எதிர்த்தரப்பும் பலமானது. ஏசாயா 28:24–25-இல் உழவன் முதலில் உழுகிறான், நிலத்தைச் சமன்படுத்துகிறான், அதன் பிறகே விதைக்கிறான். முட்களுக்குள் விதைக்காதீர்கள், தரிசைப் பண்படுத்துங்கள் என்கிறது எரேமியா 4:3. கிரேக்க, ரோம வேளாண் நூல்களை நன்கு கற்ற கே. டி. வைட் 1964-இல் இவற்றைக் காட்டி யெரேமியாஸை மறுத்தார்.

எனக்குப் படுவது இது: இரண்டும் நடந்திருக்கிறது. வசதியும் நேரமும் இருந்தவர் முன்மாரிக்குப் பின் ஒரு உழவு ஓட்டிவிட்டு விதைத்திருப்பார், விதைத்த பின் மூடுவதற்கு இன்னொரு உழவு ஓட்டியிருப்பார். மாடு இரவல் வாங்குகிறவர் ஒரே உழவோடு நிறுத்தியிருப்பார். எப்படி ஆனாலும் கதைக்குச் சேதமில்லை. மடியிலோ தோள்பையிலோ தானியத்தை வைத்துக்கொண்டு கையை வீசித் தூவும்போது ஒவ்வொரு மணியும் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரத்தில் கொஞ்சம் போகும். அதற்காக ஓரத்தை விதைக்காமல் விடவும் முடியாது, அதுவும் நிலம்தானே. கரையில் நின்ற குடியானவர்களுக்கு இந்த விதைப்பவர் விசித்திரமான ஆள் இல்லை. அவர்களில் ஒருவர்.

நான்கையும் ஒரே வயலுக்குள் பாருங்கள்

படப்புத்தகங்களில் நான்கு நிலங்களும் நான்கு கட்டங்களாக இருக்கும். அதை விட்டுவிட்டு ஒரே ஒரு சிறு வயலைத் தாளில் வரையுங்கள். நடுவில் அல்லது ஓரத்தில் ஒரு பாதை. ஒரு மூலையில் மண்ணுக்கடியில் பாறை. இன்னொரு பக்கம் போன வருடத்து முட்செடி இருந்த இடம். மீதி நல்ல மண். இப்போது விதைப்பவரை அதன் குறுக்கே நடக்கவிடுங்கள்.

பாதை: அறுவடை முடிந்த பிறகு, அடுத்த மழைக்காலத்தின் இரண்டாம் மழை வரைக்கும் மற்றவர் வயல் வழியே நடந்துபோகலாம் என்பதை யோசுவா காலத்து ஏற்பாடாகவே தல்மூத் பதிந்து வைத்திருக்கிறது. மாற்கு 2:23-இல் இயேசுவும் சீடர்களும் பயிர் நடுவே நடக்கிறார்களே, அப்படிப்பட்ட பாதைதான் இது. கோடை முழுக்கக் கால்பட்டு இறுகிய மண்ணில் விதை உள்ளே இறங்காது. விதைப்பு நடக்கிற அதே மாதங்களில் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் பறவைக் கூட்டங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மேல்தான் பறக்கின்றன. உள்ளூர்ச் சிட்டுகளும் வானம்பாடிகளும் வேறு.

பாறை: மெல்லிய மண் சீக்கிரம் சூடேறும், அதனால் அங்கே விழுந்தது மற்றதற்கு முன்பே முளைத்துவிடும். பார்க்கிறவருக்கு அதுதான் நல்ல இடம் போலத் தெரியும்.

முள்: கலிலேயாவில் வசந்தகாலத்தில் ஆள் உயரத்துக்கு வளர்கிற முட்செடிகள் உண்டு. தடித்த தண்டு, அகன்ற இலை, ஊதாப்பூ. விதைக்கும் மாதத்தில் அவை பச்சையாக நிற்பதில்லை. விதையும் வேருமாக மண்ணுக்குள் இருக்கும். மழை வந்ததும் கோதுமையோடு சேர்ந்தே எழும்பி, வெளிச்சத்தையும் ஈரத்தையும் பறித்துக்கொள்ளும். முள் வளர்ந்து நெருக்கிப்போட்டது என்றுதான் மாற்கும் சொல்கிறார். ஆக, பயிர் அங்கே சாகவில்லை. பச்சையாகவே நிற்கிறது, கதிர் மட்டும் இல்லை. மூன்றில் இதுதான் ஒரு விவசாயிக்கு மிகவும் வலிக்கிற இழப்பு, ஏனென்றால் கடைசிவரை நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கைவிரிக்கிறது.

வரைந்த வயலை இன்னொரு தடவை பாருங்கள். விதையில் முக்கால்வாசி வீணாயிற்று என்று கதை எங்கும் சொல்லவில்லை. இழப்பு மூன்று வகை, அவ்வளவுதான். தூவியதில் பெரும்பகுதி நல்ல மண்ணில்தான் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் யாரும் அந்த நிலத்தில் விதைக்கவே மாட்டார்கள்.

முப்பது, அறுபது, நூறு

உவமையின் பாரம் முழுக்க இந்த எண்களில் இருக்கிறது. அவசரப்படாமல் நிதானமாகப் பாருங்கள்.

அந்நாட்டில் நிலத்தையே விதையால்தான் அளந்தார்கள். ஒரு செயா அளவு தானியம் விதைக்கக்கூடிய நிலம், ஒரு கோர் விதைக்கக்கூடிய நிலம் என்று. திருநெல்வேலிப் பக்கத்தில் கோட்டை விதைப்பாடு என்று நிலத்தைச் சொல்வது போல. ஆகவே விளைச்சலையும் விதைத்ததற்கு எத்தனை மடங்கு என்று கணக்கிடுவது இயல்பு.

அப்படியானால் சாதாரண விளைச்சல் எத்தனை மடங்கு? சிசிலியின் வளமான லெயோந்தினிப் பகுதியில் எட்டு மடங்கு கிடைத்தால் நல்லது, தெய்வங்கள் கைகொடுத்தால் பத்து என்கிறார் ரோமப் பேச்சாளர் சிசரோ. இத்தாலியின் பெரும்பகுதியில் நான்கு மடங்கு கிடைத்ததாகக்கூடத் தமக்கு நினைவில்லை என்கிறார் ரோம வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா. யெரேமியாஸ் பாலஸ்தீனத்துக்கு ஏழரை மடங்கைச் சராசரி என்றும் பத்தை நல்ல அறுவடை என்றும் எடுத்துக்கொண்டு, முப்பதும் அறுபதும் நூறும் இந்த உலகத்து எண்களே அல்ல, தேவனுடைய ராஜ்யத்தின் வெள்ளப்பெருக்கு என்று வாசித்தார்.

மறுபக்கம் ரோம அறிஞர் வார்ரோ இருக்கிறார். கி.மு. 37-இல் முடித்த வேளாண் நூலில், நூறு மடங்கு விளைகிற இடங்கள் என்று சிலவற்றைச் சொல்கிறார். அதில் ஒன்று சிரியாவின் கதரா என்று பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். வரைபடத்தில் ஏரிக்குத் தென்கிழக்கே, யார்முக் ஆற்றுக்கு மேலே கதராவைப் பாருங்கள். கப்பர்நகூம் கரையிலிருந்து அது இருக்கும் மலைகள் தெரியும் தூரம்தான். ஆக, நூறு என்பது அந்தப் பக்கத்து மக்கள் வாயில் புழங்கிய எண்ணாகவே இருந்திருக்கலாம். உண்மையான அதிசய எண் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 2-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ ஆயர் பாப்பியாஸைப் பாருங்கள். வரப்போகும் காலத்தில் ஒரு கோதுமை மணி 10,000 கதிர் விடும், ஒவ்வொரு கதிரிலும் 10,000 மணி இருக்கும் என்ற பேச்சை அவர் சொன்னதாக, அவருக்குப் பின்வந்த ஆயர் ஈரேனியு எழுதிவைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் மாற்கின் எண்கள் அடக்கமானவை.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி, ஒற்றை மணியைப் பார்ப்பது. நல்ல மண்ணில், நெருக்கடி இல்லாமல் விழுந்த ஒரு கோதுமை மணி தூர் கட்டி மூன்று நான்கு தண்டுகள் விடும். ஒவ்வொரு தண்டிலும் ஒரு கதிர். பழைய ரகக் கதிரில் 20 முதல் 40 மணிவரை இருக்கலாம். ஒரு தண்டு மட்டும் தேறினால் முப்பதுக்குப் பக்கம். இரண்டு தேறினால் அறுபது. மூன்றும் நிறைந்து நின்றால் நூறு. சிசரோவும் கொலுமெல்லாவும் பேசுவது வயல் முழுக்கச் சேர்த்த கணக்கு, பறவைக்கும் பாறைக்கும் முள்ளுக்கும் போனதெல்லாம் கழிந்த பிறகு வருவது. உவமை பேசுவதோ நல்ல மண்ணில் விழுந்து பிழைத்த விதையைப் பற்றி. இரண்டு கணக்கையும் கலக்காமல் வைத்தால், முப்பதும் அறுபதும் நூறும் நடக்கக்கூடியவையாகவும் ஆனால் மனதைக் குளிரவைப்பவையாகவும் தெரியும். ஆதியாகமம் 26:12-இல், பஞ்சம் வந்த காலத்தில் ஈசாக்கு கேராரில் விதைத்து நூறு மடங்கு அறுத்தார், கர்த்தர் அவரை ஆசீர்வதித்தார். அந்த வசனத்தை அறிந்த காது “நூறு” என்றதும் ஆசீர்வாதத்தைக் கேட்டிருக்கும்.

களத்து மேட்டில் யார் நிற்கிறார்கள்?

கலிலேயாவை அப்போது ஆண்டவர் ஏரோது அந்திப்பா. கி.மு. 4 முதல் கி.பி. 39 வரை. கலிலேயாவும் யோர்தானுக்குக் கிழக்கேயிருந்த பெரேயாவும் சேர்த்து ஆண்டுக்கு 200 தாலந்து (தாலந்து என்பது அன்றைய பெரிய பண அளவு) வருமானம் அவருக்கு ஒதுக்கப்பட்டது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். செப்போரிஸ் நகரைப் புதுப்பித்ததும், ஏறத்தாழ கி.பி. 20-இல் ஏரிக்கரையில் திபேரியா என்ற புதுத் தலைநகரைக் கட்டியதும் அவர்தான். அந்த வருமானத்தில் பெரும்பங்கு களத்திலிருந்து வந்தது. விளைச்சலில் பத்திலொரு பங்கான தசமபாகம் தனி. எருசலேம் ஆலயத்துக்கு அரைச் சேக்கல் காசு தனி. நிலம் சொந்தமில்லாதவர்கள் வாரத்துக்கு எடுத்தார்கள். விளைச்சலில் பாதி, மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று பங்கு பேசுவதை மிஷ்னா சாதாரணமாகக் குறிப்பிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து அளவு விதைத்து, ஐந்து மடங்கு விளைந்து, ஐம்பது அளவு களத்துக்கு வந்தது. பாதி வாரம் என்றால் இருபத்தைந்து நிலக்காரருக்கு. மீதியில் பத்தை அடுத்த வருட விதைக்கு எடுத்து வைத்தாக வேண்டும். பதினைந்தில் தசமபாகம், வரி, பழைய கடன். அதற்குப் பிறகு உள்ளதுதான் பிள்ளைகளுக்கு அப்பம். பறவை தின்ற ஒவ்வொரு கைப்பிடியும் வீட்டுப் பானையிலிருந்து போனது. இந்த மனிதருக்கு முன்னால் முப்பது மடங்கு என்று சொல்லிப் பாருங்கள். முந்நூறு அளவு! கடன்பத்திரம் திரும்ப வந்துவிடும். கடன் அந்தச் சமூகத்தை எப்படி அழுத்தியது என்பதற்கு ஒரு சான்று: கி.பி. 66-இல் எருசலேமில் கலகம் வெடித்தபோது, கடன்பத்திரங்கள் இருந்த ஆவணச் சாலையைத்தான் கலகக்காரர்கள் கொளுத்தினார்கள்.

இதிலிருந்து சில ஆய்வாளர்கள், உவமை சுரண்டலுக்கு எதிரான அறிவிப்பே என்று சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. இந்தக் கதையில் நிலக்காரரும் இல்லை, வரிக்காரரும் இல்லை. வேண்டும்போது இயேசு அவர்களைக் கதைக்குள் கொண்டுவரத் தயங்கியவர் அல்ல, மாற்கு 12-ஐப் பாருங்கள். ஆனால் கேட்டவர்கள் வயிற்றில் இருந்த கணக்கு இது என்பதை மறந்து இந்த உவமையைப் படிக்க முடியாது.

கேட்டவர்கள் நினைவில் இருந்த வசனங்கள்

இங்கே சுருக்கமாகப் போகலாம், ஏனென்றால் நீங்களே தேடிப் படிப்பதுதான் நல்லது. ஏசாயா 55:10–11-ஐ எடுங்கள். மழை பூமியை நனைத்து விதைக்கிறவனுக்கு விதை கொடுப்பது போல, கர்த்தரின் வார்த்தை வெறுமையாகத் திரும்பாது. விதையையும் வார்த்தையையும் சேர்த்துப் பார்ப்பது இயேசுவின் பார்வையாளர்களுக்குப் புதிதல்ல.

அடுத்து, கதையின் முதல் சொல். “கேளுங்கள்” என்று தொடங்குகிறது. ஒவ்வொரு பக்தியுள்ள யூதரும் காலையிலும் மாலையிலும் சொன்ன உபாகமம் 6:4-உம் “இஸ்ரவேலே, கேள்” என்றுதான் தொடங்குகிறது. முழு இருதயம், முழு ஆத்துமா, முழுப் பலம் கொண்டு கர்த்தரில் அன்புகூர வேண்டும் என்று தொடரும். மிஷ்னா இவற்றை விளக்கும்போது ஆத்துமா என்பதை உயிரைக் கேட்டாலும் என்றும், பலம் என்பதைச் செல்வம் என்றும் எடுத்துக்கொள்கிறது. சுவீடன் ஆய்வாளர் பிர்ஜெர் கெரார்ட்சன் 1960-களில் இதை உவமையோடு பொருத்திக் காட்டினார். வழியோரம் இருதயத்தில் இறங்காத வார்த்தை. பாறை, துன்பம் வந்ததும் உயிருக்குப் பயந்து விலகுவது. முள், செல்வத்தின் மயக்கம். எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு இது மிக அழகாகப் பொருந்துவதாகவே படுகிறது.

இப்போது தாளை எடுங்கள்

10 முதல் 20 வரை படியுங்கள். முதல் தடவை 11, 12-ஆம் வசனங்களில் எல்லோரும் தடுமாறுவார்கள். உணராதபடிக்கு உவமையாகப் பேசுவதா என்று. இரண்டு காரியம் செய்யுங்கள். அவை ஏசாயா 6:9–10-இன் எதிரொலி என்பதால் ஏசாயா 6-ஐ முழுக்கப் படியுங்கள். அது வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையில் நிலைத்திருக்கும் பரிசுத்த வித்தோடு முடிகிறது. பிறகு மாற்கில் ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். 3:21-இல் சொந்தக்காரர்கள் இயேசுவுக்கு மதிமயக்கம் என்று பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். 3:22-இல் எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் (வேதச் சட்டம் கற்றவர்கள்) அவருக்குப் பேய்களின் தலைவனான பெயெல்செபூல் பிடித்திருக்கிறது என்கிறார்கள். தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று என்று 1:15-இல் சொன்னாரே, அது உண்மையானால் இத்தனை பேர் ஏன் தள்ளிவிடுகிறார்கள்? சீடர்களின் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய இந்தக் கேள்விக்குத்தான் வயல் பதில் சொல்கிறது. இழப்பு இல்லாத விதைப்பு அவர்கள் யாரும் கண்டதில்லை. அதற்காக அறுவடை இல்லாமல் போனதும் இல்லை.

14–20-இன் விளக்கம் இயேசுவினுடையதா, ஆதித் திருச்சபையினுடையதா? அதன் சொல்வழக்கு பிந்திய சபையின் வழக்கோடு நெருங்கியிருப்பதால் பின்னதே என்றார் யெரேமியாஸ். யூத ஆசிரியர்கள் உவமையோடு விளக்கமும் தருவது வழக்கம்தான், அதனால் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. நீங்கள் இதில் உடனே பக்கம் எடுக்க வேண்டாம். மாற்கு எழுதப்பட்டது கி.பி. 70-ஐ ஒட்டி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீரோவின் கீழ் ரோமில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டது 64-இல். “உபத்திரவமும் துன்பமும்” என்ற சொற்களை மாற்கின் முதல் வாசகர்கள் யாரை நினைத்துப் படித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். பறவைகள் சாத்தான் என்று 15-ஆம் வசனம் சொல்லும்போது யூபிலி நூலின் காக்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். விதை தின்னும் பறவையையும் சாத்தானையும் சேர்த்துப் பார்ப்பது யூத மரபில் ஏற்கெனவே இருந்தது. முள்ளுக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் மாற்கு 10:17–22-இல் துக்கத்தோடு திரும்பிப்போன செல்வந்தர் இருக்கிறார்.

“நான் எந்த நிலம்?” என்ற கேள்வியை இப்போது கேட்கலாம். ஒரே வயலுக்குள் நான்கும் இருப்பதை நீங்களே வரைந்து பார்த்துவிட்டதால், உங்களையோ மற்றவரையோ ஒரே கட்டத்தில் அடைக்கத் தோன்றாது.

தொடர்ந்து அதே அதிகாரத்தில் 26–29-ஐயும் 30–32-ஐயும் இதே முறையில் படியுங்கள். தானாக வளரும் பயிரின் உவமையில் அரிவாள் வரும் இடத்தை யோவேல் 3:13-ஓடு ஒப்பிடுங்கள். கடுகு உவமையில் பறவைகள் மறுபடியும் வருகின்றன, ஆனால் இந்தத் தடவை விதையைத் தின்ன அல்ல, நிழலில் தங்க. அதற்கு எசேக்கியேல் 17:23-ஐயும் தானியேல் 4:12-ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.